தெற்குப் பார்த்து நின்ற மன்னன்

பாலாம்பிகை லிஃப்டின் உட்புறத்தைத் தன் கணவரின் கறுப்புக் குடையால் அளந்துகொண்டிருந்தாள். ஆழத்தில் ஒரு குடையும் ஒரு சாணும் வந்தன. அகலத்தில் குடையே முழுதாகக் கொள்ளவில்லை. கதவு மூட வந்து, அவளுடைய தோளில் முட்டி, பின்வாங்கியது. மகள் தவமலர் வெளியே பொத்தானை அழுத்திப் பிடித்தபடி, யாராவது வருகிறார்களா என்று நடைபாதையின் இரு முனைகளையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"அம்மா, காணும், வெளியிலை வாங்கோ. பெட்டி இதுக்குள்ளை படுக்காது."

"படுக்காது எண்டு எனக்கும் தெரியுது பிள்ளை. நிக்குமோ எண்டு பாக்கிறன்."

அவள் குடையைத் தலைக்குமேல் உயர்த்திப் பிடித்தாள். அதன் முனைக்கும் கூரை விளக்குக்கும் இடையில் இன்னும் இடம் இருந்தது.

"நிக்கும்" என்றாள்.

மறுநாள் காலையில் அவளுடைய கணவர் அம்பலவாணனின் செத்தவீடு. யாழ்ப்பாணத்துக் கல்லூரி ஒன்றில் தலை நரைக்கும்வரை வரலாறு கற்பித்தவர் அவர். எண்பத்தாறாம் ஆண்டில் லண்டனுக்கு வந்தபின், ஒரு வாகனத் தரிப்பிடத்தின் கண்ணாடிக் கூண்டுக்குள் அமர்ந்து, வருகிற கார்களுக்குச் சீட்டுக் கிழித்துக் கொடுத்தவர். அந்தக் கூண்டுக்கும் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டுதான் போனார். வால்தம்ஸ்டோவின் இந்த அடுக்குமாடித் தொகுதியில், ஆறாம் மாடியில், கவுன்சில் கொடுத்த பிளாட்டில் ஏழு மாரிகாலங்களைக் கழித்தார். பால் வாங்கக் கடைக்குப் போவதற்கும் தொப்பி அணிந்தே போனார். கீழே நுழைவாயிலில் யார் நிற்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியும், தெரிந்தேதான் அணிந்தார்.

அங்கே நிற்பவன் எதிர்த் தொகுதியில் குடியிருக்கும் ஒரு தடித்த மனிதன். தோல் மேற்சட்டை, வாரில் பிடித்த ஒரு நாய், அருகில் எப்போதும் இரண்டு கூட்டாளிகள். அம்பலவாணன் லிஃப்டிலிருந்து வெளியே வந்ததும் அவன் ஏதாவது சொல்வான். சொன்னவை எவையும் இங்கே எழுதத் தக்கவையல்ல. அம்பலவாணன் தொப்பியை உயர்த்தி, வகுப்பறையில் மாணவர் எழுந்து நிற்பதற்குக் காத்திருப்பவர்போல ஒரு கணம் நின்று, "குட் மோர்னிங்" என்பார். பதில் ஒருநாளும் வந்ததில்லை.

"ஏன் சும்மா அவனோடை வாயைக் குடுக்கிறியள்?" என்று பாலாம்பிகை கேட்பாள்.

"நான் எங்கை வாயைக் குடுத்தனான்? காலமை வணக்கமெல்லோ குடுத்தனான்."

அவள் பின்பக்கப் படிக்கட்டால் இறங்குவாள். ஆறு மாடியையும் கால் வலிக்க வலிக்க இறங்கி, குப்பைத்தொட்டிகளைச் சுற்றிக்கொண்டு வீதிக்கு ஏறுவாள். முழங்கால் வீங்கிய ஒரு நாளில் அவரிடம் வாய்விட்டே கேட்டாள்: "வேறை இடம் தரச்சொல்லிக் கவுன்சிலைக் கேப்பம். எத்தினை பேர் மாறிப் போயிட்டினம். எங்களுக்கு மட்டும் என்ன வீம்பு?"

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒருக்கால் ஓடியாச்சு, பாலா. அது காணும்" என்றார். அதன்பின் பல நாள் அவள் அவரோடு பேசவில்லை. சோறு மட்டும் போட்டாள்.

சென்ற சனிக்கிழமை விடிந்தபோது அவர்களுடைய கதவில் சிவப்பு வர்ணத்தால் பெரிதாக எழுதப்பட்டிருந்தது. ஆறு மாடி ஏறிவந்து எழுதியிருக்கிறார்கள். வேறெந்த வேலைக்கும் அவ்வளவு உழைப்பை அவர்கள் கொடுத்திருப்பார்களா என்பது ஐயமே. அம்பலவாணன் சட்டைக் கையை மடித்து, கழுத்துப்பட்டியைத் தோளுக்குப் பின்னால் போட்டுக்கொண்டு, வர்ணம் கரைக்கும் டேர்ப்பன்டைன் போத்தலும் பழைய துணியுமாக வெளியே வந்தார். எழுதியிருந்ததை முதலிலிருந்து முடிவுவரை ஒரு தடவை வாசித்தார்.

"ஏசிறதெண்டாலும் பிழையில்லாமல் ஏசப் பழகவேணும்" என்றார்.

பாதியைத் துடைத்திருப்பார். அப்போதுதான் அவருடைய கை கதவிலிருந்து கைப்பிடிக் கம்பிக்குப் போனது. பாலாம்பிகை கதிரை கொண்டுவந்தாள். அவர் அதில் உட்காரவில்லை. அம்புலன்ஸ்காரர் வந்தபோது ஸ்ட்ரெச்சர் லிஃப்டுக்குள் கொள்ளவில்லை. ஒரு சக்கரக் கதிரையில் இருத்தி, போர்வையால் சுற்றி, வார்ப்பட்டை போட்டுத் தூக்கினார்கள். அவர் அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"ராசா மாதிரிக் கொண்டுபோறாங்கள்" என்றார்.

அதற்குப் பிறகு அவர் எதுவும் சொல்லவில்லை. மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கதவின் மற்றப் பாதி இன்னமும் சிவப்பாகவே இருந்தது. துடைக்க வந்தவர்கள் எல்லாரையும் பாலாம்பிகை தடுத்துவிட்டாள்.

அவர்கள் லிஃப்டை அளந்துவிட்டு உள்ளே வந்தபோது ஸ்ரீஸ்கந்தராஜா வந்து காத்திருந்தார். அம்பலவாணனின் தம்பி, இல்ஃபோர்டில் கணக்காளர். மேலங்கியைக் கழற்றாமலே கதிரையின் நுனியில் அமர்ந்திருந்தார். ஐந்து நாளாகச் சவரம் செய்யாத முகம். அண்ணனின் தொப்பி கொளுவியில் தொங்கிய இடத்தைப் பார்க்காமல் இருப்பதற்கு அவர் பெருமுயற்சி செய்வது தெரிந்தது.

"மச்சாள், எல்லாம் ஒழுங்குபண்ணியாச்சு. நாளைக்குப் பியூனரல்காரர் அண்ணையை நேரை இல்ஃபோர்டுக்குக் கொண்டு வருவினம். என்ரை முன் ஹோலிலை நூறு சனம் நிக்கலாம். கார் விட இடமிருக்கு. ஐயருக்கும் சொல்லிப்போட்டன்."

"தம்பி, அவர் இஞ்சைதான் வருவார்."

"எங்கை, இஞ்சையோ?"

"அவற்றை வீட்டுக்கு."

ஸ்ரீஸ்கந்தராஜா தவமலரைப் பார்த்தார். அவள் தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவுவதில் ஆழ்ந்திருந்தாள்.

"மச்சாள், அந்த லிஃப்டுக்குள்ளை பெட்டி கொள்ளாது. படியாலையும் திருப்ப ஏலாது. பியூனரல்காரன் எனக்குச் சொன்னவன்."

"நிப்பாட்டிக் கொண்டுவரலாமாம். அதையும் அவன்தான் சொன்னவன். தவம் போனிலை கேட்டவள்."

"ஓம் சித்தப்பா" என்றாள் தவமலர், திரும்பாமலே. "இந்த மாதிரி புளொக்குகளிலை எப்பவும் நிப்பாட்டித்தானாம் ஏத்தி இறக்கிறவை. வீட்டுக்காரருக்குச் சொல்லுறேல்லையாம். உள்ளுக்கை இருங்கோ எண்டிட்டு, தங்கடை பாட்டிலை கொண்டுபோயிடுவினமாம்."

"சிவசிவா!" ஸ்ரீஸ்கந்தராஜா எழுந்துவிட்டார். "பிரேதத்தை நிமித்திறதோ? கேக்கவே காது கூசுது. கீழை அவங்கள் நிப்பாங்கள். அண்ணையின்ரை பெட்டி மூட்டை மாதிரி நிக்கிறதைப் பாத்துச் சிரிப்பாங்கள். நான் என்ரை கண்ணாலை அதைப் பாக்கவோ?" அவர் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "அண்ணை நிமிந்து நிண்டது காணும் மச்சாள். அதாலைதானே செத்தவர். இனியாவது மரியாதையாப் படுக்கட்டும்."

தவமலர் குழாயை நிறுத்தினாள்.

அவர் சொன்னதில் பொய் எதுவுமில்லை என்பது பாலாம்பிகைக்குத் தெரியும். இதே சொற்களை அவளே எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள். அவளுடைய கண் தொப்பியில் இருந்தது. தொப்பிக்குக் கீழே, சிறு மேசையில், நூலகத்துக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டிய தடித்த புத்தகம், பேருந்துச் சீட்டை அடையாளமாகச் செருகியபடி இருந்தது. பண்டை அயர்லாந்தின் அரசர்களும் அவர்களுடைய போர்களும்.

அந்தப் புத்தகம் வீட்டுக்குள் வந்ததற்குக் காரணமும் இதே லிஃப்டுதான்.

சென்ற ஆண்டு கோடையில், ஒரு பிற்பகல், மேலே ஏறும்போது, மூன்றாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் இடையில் அது நின்றுவிட்டது. உள்ளே மூன்று பேர்: அம்பலவாணன், பாலாம்பிகை, பக்கத்து பிளாட் எமில்டா. மருத்துவமனைச் சமையற்கூடத்தில் வேலைசெய்யும் அயர்லாந்துக்காரி, கணவனை இழந்தவள், மூடிய இடமென்றால் நடுங்குகிறவள். அவளுடைய ஆங்கிலம் முதலில் பாலாம்பிகைக்கு விளங்கவேயில்லை. பின்பு, மற்றவர்களின் ஆங்கிலத்தைவிட அதுவே நன்றாக விளங்கியது. நடுக்கத்தை மறைப்பதற்காக எமில்டா வாய் ஓயாமல் பேசினாள்.

"எங்கள் ஊரில் ஒரு ராஜா ஆயிரத்தைந்நூறு வருஷமாக நின்றுகொண்டிருக்கிறார். நாங்கள் ஒரு மணித்தியாலம் நிற்க மாட்டோமா?"

"எந்த ராஜா?" என்று அம்பலவாணன் கேட்டார். வரலாறு என்றதும் அவர் லிஃப்டை மறந்துவிட்டார்.

"லீரி. தாரா மலையில் இருந்தவர். தெற்கே இருந்த லென்ஸ்டர்காரர் அவருக்குப் பரம எதிரிகள். சாகும்போது சொன்னாராம், என்னைப் படுக்க வைக்காதீர்கள், வாளும் கேடயமுமாக, எதிரியைப் பார்த்தபடி நிறுத்திப் புதையுங்கள் என்று."

"இது எந்த நூலிலே இருக்கிறது?"

"நூலா? என் அப்பா சொன்னார். அந்த மலையில் எங்கள் மாடு மேய்ந்தது!"

லிஃப்ட் அசைந்தபோது எமில்டா சிலுவைக் குறி போட்டாள். அம்பலவாணன் அப்படியே திரும்பி இறங்கி நூலகத்துக்குப் போனார்.

அதன்பிறகு இரவுச் சாப்பாட்டு மேசையில் அயர்லாந்துக்கு ஓயாத படையெடுப்பு. தாரா என்றால் நம்மூரில் வாத்து அல்லவா என்று பாலாம்பிகை சிரித்ததற்கு, அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கோபித்துக்கொண்டார். பிறகு அவரும் சிரித்தார்.

"அவங்களும் மாட்டுக்காகத்தான் அடிபட்டவங்கள், பாலா. லென்ஸ்டர்காரர் வருஷா வருஷம் மாடு திறையாக் கட்டவேணும் எண்டு லீரி கேட்டவன். அவங்கள் மறிச்சுப் பிடிச்சுப் போட்டாங்கள். இனிக் கேக்கமாட்டன் எண்டு சூரியனிலையும் காத்திலையும் சத்தியம் பண்ணினாப் பிறகுதான் விட்டவங்கள். திரும்பிப் போய்த் திரும்பவும் கேட்டான். சூரியனும் காத்துமே அவனைச் சாகடிச்சதெண்டு எழுதியிருக்கு. எங்கடை ஆக்களும் ஆநிரை கவரப் போய்ச் செத்தவனுக்கு நடுகல் நட்டவை. அங்கை ஆளையே கல்லு மாதிரி நட்டிருக்கினம்."

"சத்தியம் தவறினவனையோ இப்பிடித் தூக்கிப் பிடிக்கிறியள்?"

"நல்லவன் எண்டு நான் சொல்லேல்லை. நிண்டவன் எண்டு சொல்லுறன்."

எமில்டா இந்தப் பக்கம் வந்தால் விவாதம் தொடங்கிவிடும். அயர்லாந்துக்குக் கிறிஸ்தவம் கொண்டுவந்த புனித பட்ரிக்கின் காலில் மன்னன் விழுந்தான் என்பாள் அவள். ஒரு நூல் அவன் மதம் மாறினான் என்கிறது, இன்னொன்று மாறவில்லை என்கிறது, இரண்டும் அவன் இறந்து இருநூறு ஆண்டுக்குப் பிறகு எழுதப்பட்டவை, எதை நம்பச் சொல்கிறாய் என்பார் இவர். நாடு முழுவதையும் மாற்றிய உங்கள் பட்ரிக்கால் இந்த ஒருவனை அசைக்க முடியவில்லையே என்று குத்துவார். எமில்டா தேநீர்க் கோப்பையைத் தூக்கிக்கொண்டு கோபத்தோடு போவாள். கோப்பையைத் திருப்பிக் கொடுக்க மறுநாள் வருவாள்.

"அப்ப அவன் நிண்டது உண்மையோ, பொய்யோ?" என்று ஒருநாள் பாலாம்பிகை கேட்டாள்.

"ராசா இருந்தது வரலாறு. நிக்க வைச்சது கதையாத்தான் இருக்கும். ஆனால், அந்தக் கதையை ஏன் விடாமல் சொன்னாங்கள் எண்டது இருக்கே, அதுவும் வரலாறுதான்."

இன்னொரு மன்னனையும் அவர் சொன்னார். மேற்கே இருந்த ஓவன். அவனையும் ஈட்டியோடு நிறுத்தியே புதைத்தார்கள். அவன் நின்றவரைக்கும் வடக்கேயிருந்து வந்த பகைவர் ஒவ்வொரு தடவையும் தோற்று ஓடினார்கள். கடைசியில் அவர்கள் வந்து, அவனைத் தோண்டி எடுத்து, வேறிடத்துக்குக் கொண்டுபோய், முகங்குப்புறப் போட்டு மூடினார்கள். அதன்பின் வென்றார்கள்.

இந்தக் கதையைச் சொன்ன இரவில் அவர் சிரிக்கவில்லை.

"தம்பி" என்றாள் பாலாம்பிகை. "உங்கடை வீடு எனக்கு வேண்டாத வீடில்லை. ஆனால் அவரை இப்ப அங்கை கொண்டுபோனால், இஞ்சை கதவிலை எழுதினவங்கள் வெண்டதாப் போகும். உயிரோடை போகமாட்டன் எண்டு நிண்ட மனிசனைச் செத்தாப்போலை நாங்கள் கொண்டுபோறதோ?"

"அதுக்காகப் பிரேதத்தை—"

"சாமிமாரைச் சமாதி வைக்கேக்கை இருத்தித்தானே வைக்கிறியள்? இவரை ரெண்டு நிமிஷம் நிப்பாட்டினால் என்ன குறைஞ்சுபோகும்?"

ஸ்ரீஸ்கந்தராஜா தொலைபேசியை எடுத்து ஐயருக்கு அழைத்தார். தம் பக்கம் ஒரு தீர்ப்புக் கிடைக்கும் என்ற நம்பிக்கையில், எல்லாரும் கேட்கும்படி ஒலிபெருக்கியை அழுத்தினார். முழு விவரத்தையும் கேட்டபின் மறுமுனையில் ஐயர் இருமினார்.

"லிஃப்டைப் பற்றிச் சாத்திரத்திலை ஒண்டும் இல்லை, ராஜா. தலை மேலை, கால் கீழை எண்டால் எனக்கு ஆட்சேபனை இல்லை. தலைகீழாக் கொண்டுவராதையுங்கோ. ஆனால் நான் படியாலை ஏறமாட்டன், லிஃப்ட் வேலை செய்யுமெண்டு உறுதி சொல்லுங்கோ."

தவமலர் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். அவள் சிரித்தாளா, அழுதாளா என்பது கூடத்தில் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. ஸ்ரீஸ்கந்தராஜா மேலங்கியின் பொத்தான்களைப் போட்டுக்கொண்டு எழுந்தார். வாசலில் நின்று, பாதி துடைத்த கதவை முதன்முறையாக நேராகப் பார்த்தார்.

"எத்தினை மணிக்கு வரவேணும்?" என்று கேட்டார்.

மறுநாள் மார்கழி மாதத்துக்கு அரிதான வெயில் எறித்தது. கூடவே தோலை உரிக்கும் காற்று. பெட்டி மேலே வந்தபோது நுழைவாயிலில் யாரும் இல்லை. அவர்கள் அவ்வளவு முன்னதாக எழுகிறவர்கள் அல்லர். பியூனரல்காரரின் மூத்தவர், வெள்ளை மீசைக்காரர், பெட்டிக்குள் பாதங்களின் கீழ் மெத்தையை மடித்து வைத்து, தோளையும் இடுப்பையும் பட்டியால் கட்டியிருப்பதாகத் தவமலரிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். ஐயா சரிய மாட்டார், கவலை வேண்டாம் என்றார்.

இல்ஃபோர்டிலிருந்தும் ஸ்ட்ரெதத்திலிருந்தும் வந்தவர்களில் பாதிப்பேர் காருக்குள்ளேயே இருந்துவிட்டார்கள். மற்றப் பாதிப்பேர் மேலே வந்து கூடத்தை நிறைத்தார்கள். நடைபாதையிலும் நின்றார்கள். வந்தவர்கள் எல்லாரும் அந்தக் கதவைக் கடந்தே வர வேண்டியிருந்தது. சிலர் குனிந்துகொண்டார்கள். ஒரு கிழவர் மட்டும் நின்று, தம் கைக்குட்டையால் சிவப்பை ஒருமுறை தேய்த்துப் பார்த்துவிட்டு, அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

தலை தெற்கே இருக்கும்படி பெட்டியைக் கிடத்தினார்கள். அம்பலவாணன் கழுத்துப்பட்டியுடன் இருந்தார். ஐயர் மேலங்கியின்மேல் சால்வையைப் போர்த்துக்கொண்டு கிரியைகளைச் செய்தார். புகைக்கு அலாரம் அடித்துவிடும் என்பதால் தூபம் யன்னலோரத்துக்குப் போனது. உரலும் உலக்கையும் இல்லாததால் அம்மியிலேயே சுண்ணம் இடித்தார்கள். பெண்கள் ஒருவரையொருவர் தழுவி வட்டமாக இருந்து அழுதபோது, எமில்டா சுவரோரத்திலிருந்து வந்து, யாரும் சொல்லிக் கொடுக்காமலே வட்டத்துக்குள் அமர்ந்து, பக்கத்திலிருந்தவளின் தோளில் கைபோட்டுக்கொண்டாள். அந்தப் பெண் யார் இவள் என்று பார்த்துவிட்டு, தானும் கையைப் போட்டாள்.

மூடியை வைக்கும் வேளை வந்தது. பாலாம்பிகை கொளுவியிலிருந்து தொப்பியை எடுத்து, அவருடைய நெஞ்சின்மேல் வைத்தாள்.

பெட்டியைத் தூக்கி நடைபாதைக்குக் கொண்டு போனபோது பாலாம்பிகையும் எழுந்து பின்னால் வந்தாள். லிஃப்டின் வாசலில் ஸ்ரீஸ்கந்தராஜா கையை நீட்டி மெதுவாக மறித்தார்.

"மச்சாள், பொம்பிளையள் வாசல் படலையோடை நிக்கிறதுதானே எங்கடை வழக்கம்."

"ஓம் தம்பி. படலை கீழையெல்லோ இருக்கு."

அவர் கையை எடுத்துக்கொண்டார்.

பணியாளர் இருவர் பெட்டியைக் கால் பக்கமாக ஊன்றி நிமிர்த்தினார்கள். சிரமமில்லாமல் எழுந்தது. நிமிர்ந்ததும் கூட்டத்திலிருந்து ஒரு மூச்சொலி வந்தது. ஒரு மனிதனின் உயரம் அது. மனிதன் ஒருவன் எழுந்து நின்றதைப் போலவே இருந்தது. அவர்கள் அதை உள்ளே நகர்த்தி, பின்சுவரை நோக்கித் திருப்பி வைத்தார்கள்.

"அப்பிடியில்லை" என்றாள் பாலாம்பிகை. "முகம் கதவுப் பக்கம்."

தவமலர் ஆங்கிலத்தில் சொன்னாள். பணியாளர் இருவரும் வெள்ளை மீசைக்காரரைப் பார்த்தார்கள். அவர் எதுவும் கேட்காமல் தலையசைத்தார். பெட்டியைத் திருப்பினார்கள்.

"தெற்குப் பக்கம்" என்று எமில்டா கூட்டத்துக்குப் பின்னாலிருந்து சொன்னாள். அவள் சூரியனைப் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும். "அதுதான் தெற்கு."

உள்ளே பெட்டி, வெள்ளை மீசைக்காரர், ஸ்ரீஸ்கந்தராஜா. நாலாவது ஆளுக்கு இருந்த இடம் அரை ஆளுக்கே போதும். பாலாம்பிகை அதில் ஒடுங்கி நின்றாள். தூக்குகிற மற்றவர்களைப் படியால் இறங்கச் சொல்லிவிட்டு மூத்தவர் பொத்தானை அழுத்தினார்.

லிஃப்ட் கிளம்பும்போது ஒரு குலுக்குக் குலுக்கியது. ஸ்ரீஸ்கந்தராஜா பதறி, பெட்டியின் நடுவில், நெஞ்சு இருக்கக்கூடிய இடத்தில், உள்ளங்கையை வைத்தார். அண்ணனுக்கு இவ்வளவு நெருக்கத்தில் அவர் நின்று எத்தனை காலம் ஆகிறதோ. மூன்றாம் மாடியைக் கடக்கும்போது அவருடைய தோள்கள் ஆடின. இரண்டாம் மாடியைக் கடக்கும்போது தம் கழுத்துப்பட்டியின் முடிச்சை இறுக்கிக்கொண்டு நிமிர்ந்தார்.

பாலாம்பிகை இந்த லிஃப்டால் இறங்கி நெடுங்காலமாகிறது. குமட்டும் மணம் மாறவில்லை. அவள் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

கீழே வந்து நின்றது. கதவு திறந்தது.

நுழைவாயிலின் கண்ணாடி வழியே வந்த வெயில் நேரே பெட்டியில் விழுந்தது. வெளிக்கதவை யாரோ விரியத் திறந்து வைத்திருந்தார்கள். காற்று உள்ளே வந்து, பெட்டியில் கட்டியிருந்த மாலையின் செவ்வந்தி இதழ்களை உதிர்த்தது. அங்கே, கைக்கெட்டும் தூரத்தில், தோல் மேற்சட்டைக்காரன் நின்றான். பக்கத்தில் கூட்டாளிகள் இருவர். ஒருவன் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தவன், பாதியில் விட்டுவிட்டான். லிஃப்டுக்குள் தங்களைப் பார்த்தபடி நிற்பது என்ன என்பது அவர்களுக்கு விளங்குவதற்குச் சற்று நேரம் பிடித்தது.

மூத்தவரும் ஸ்ரீஸ்கந்தராஜாவும் பெட்டியை அரையடி முன்னே நகர்த்தினார்கள். அதற்குமேல் நகர்த்த ஆள் போதவில்லை. மற்றவர்கள் படியால் இறங்கிவரும் காலடி ஓசை எங்கோ மேலே கேட்டது.

"மன்னிக்க வேண்டும், அம்மா" என்றார் மூத்தவர், மெல்லிய குரலில். "அவர்கள் வரும்வரை இப்படியே நிற்க வேண்டியிருக்கும்."

"நிக்கட்டும்" என்றாள் பாலாம்பிகை தமிழில். அவருக்கு விளங்கியது.

அவள் பெட்டியின் பக்கத்தால் நெருக்கிக்கொண்டு முன்னே வந்து, அதற்கு அருகில் நின்றாள். சேலையின் மேல் போட்டிருந்த கம்பளி மேற்சட்டையை இழுத்துச் சரிசெய்தாள். அந்த மனிதனின் கண் நீலநிறம் என்பது இத்தனை ஆண்டில் இப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

"குட் மோர்னிங்" என்றாள்.

அது அவள் நினைத்ததைவிட உரத்து வந்தது. படிக்கட்டு வரைக்கும் கேட்டிருக்கும். காலடி ஓசை ஒரு கணம் நின்று, மீண்டும் தொடர்ந்தது.

பதில் வரவில்லை. அவன் நாயின் வாரைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிக் குறுக்கினான். நாய் அவனை அண்ணாந்து பார்த்தது, பிறகு பெட்டியைப் பார்த்தது, பிறகு உட்கார்ந்தது. யாரும் அசையவில்லை.

லிஃப்டின் கதவு மட்டும் மூட வந்தது. பெட்டியின் தோளில் முட்டியது. பின்வாங்கியது. மூத்தவர் அதை நிறுத்துவதற்குப் பொத்தானைத் தேடிக் கையை நீட்டினார். பாலாம்பிகை வேண்டாமென்று தலையசைத்தாள்.

கதவு மறுபடியும் வந்தது.